முதல் சேனல், ஒரு ஞாயிறு: 1988-இல் சென்னைத் தொலைக்காட்சி

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது 1988-இன் முற்பாதியில் வரும் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை. ராமாயணம் தொடர் ஜூலை 31-இல் முடிந்துவிட்டது, அதற்கு முந்தைய மாதங்கள். 1975 ஆகஸ்ட் 15-இல் ஆரம்பித்த தூர்தர்ஷனின் சென்னை நிலையத்துக்கு அப்போது பதின்மூன்றாவது ஆண்டு. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. உரிமக் கட்டணத்தைச் சில வருஷங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். டயனோராவோ சாலிடேரோ ஒரு பெட்டி, ஒரு ஸ்டெபிலைசர், மாடியில் ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான் செலவு.

நிகழ்ச்சியைக் குறை சொல்வதற்கு முன்னால் ஆன்டெனாவைப் பார்த்துவிட வேண்டும். அன்றைய புகார்களில் பாதி மாடியில்தான் ஆரம்பிக்கும். சென்னை ஒளிபரப்பு 4-ஆம் சேனல்: படம் 62.25 மெகாஹெர்ட்ஸ், ஒலி 67.75. அலைநீளம் பெரிது என்பதால் சிக்னலைப் பிடிக்கும் டைபோல் குழாயே சுமார் 2.2 மீட்டர் வரும். காக்கா உட்கார வசதியாக அவ்வளவு பெரிய சட்டம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். குட்டைக் குச்சிகள் டைரக்டர், அந்தப் பக்கம் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். நீளக் குச்சி ரிப்ளெக்டர், அது பின்னால். திருப்பி மாட்டினாலும் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஏதோ படம் வந்துவிடும், அதனால் தப்பு தெரியாமலே வருஷக்கணக்கில் ஓடும்.

அடுத்தது ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்கு வரும் 300 ஓம் தட்டை வயர். இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டிக் கீழே இறக்கினால் சிக்னல் வழியிலேயே வீணாகும். நாலு விரல் இடைவெளி விட்டு, அடிக்கு ஒரு முறுக்கு கொடுத்து இறக்க வேண்டும். மழையில் நனைந்தால் படத்தில் புள்ளி பறக்கும். பழைய வயர் வெடித்து உள்ளே தண்ணீர் கோத்திருந்தால் வெயில் வந்தபிறகும் போகாது. சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் போடுபவர்கள் அதை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். பெட்டிக்குப் பின்னால் வைத்தால் வழியில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிக் கொடுக்கும்.

ஆன்டெனாவைத் திருப்பிச் சரிபார்க்க நல்ல நேரம், கண் வடிவம் சுழன்று உருவாகும் அந்த முத்திரை இசைக்கு முன்னால் வண்ணப் பட்டைகள் வரும்போது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அவை இடமிருந்து வலமாக வெள்ளையிலிருந்து கறுப்புவரை எட்டுப் படியாக இறங்கும். எட்டும் தனித்தனியாகத் தெரிந்தால் கான்ட்ராஸ்ட் சரி. பட்டையின் ஓரத்துக்கு வலப்பக்கம் இன்னொரு மங்கல் ஓரம் தெரிந்தால் நிழல் படம் விழுகிறது: ஏதோ கட்டடத்தில் பட்டுத் தாமதமாக வரும் அலை. 300 மீட்டர் சுற்றி வந்தால் 20 அங்குலத் திரையில் நிழல் சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளி விழும். பூஸ்டரால் இது போகாது, ஆன்டெனாவைத் திருப்பினால்தான் போகும். படம் மேலும் கீழும் உருண்டால் ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம், பெட்டியிலுள்ள வெர்ட்டிகல் ஹோல்ட் குமிழைத் திருகுங்கள். நாலு பக்கமும் சுருங்கினால் மின்சாரம் இறங்கியிருக்கிறது.

இனி நிகழ்ச்சி. காலை 9:30-க்கு ராமாயணம். தொடருக்கு முன்னால் விளம்பரம் நீளும், அதற்குள் காபி போட்டுவிடலாம். மொழி சமஸ்கிருதம் கலந்த இந்தி, தமிழில் ஒரு வரிகூடக் கிடையாது. கதை தெரிந்ததால் ஓடியது. ஆதார நூல்களின் வரிசையில் கம்பனும் உண்டு என்பது நம்மூர் ஆட்களுக்கு ஒரு சின்னத் திருப்தி. போர்க்களத்தில் இரண்டு அம்புகள் நடுவானில் எதிர்ப்பட்டு நிதானமாக முட்டிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கலாம். ரவீந்திர ஜெயினின் இசையைச் சிரித்து ஒதுக்க முடியாது.

நாளின் சிறந்த பகுதி மதியம். காது கேளாதோருக்கான வாராந்தரச் செய்தி 1987-இல்தான் வந்தது. கையசைவில் சொல்லப்படும் செய்தியை ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், முதல் சேனலிலேயே கொடுத்தார்கள்.  அடுத்து மாநில மொழிப் படம். வாரம் ஒரு மொழி, தமிழின் முறை வர மாதக்கணக்காகும். அதுவரை வங்காளமும் மலையாளமும் அசாமியும் துணைத்தலைப்போடு. தொல்லை அந்தத் துணைத்தலைப்புதான். வெள்ளை எழுத்து வெள்ளை வேட்டியின்மேல் விழுந்தால் போச்சு. படக்குழாய் ஓரத்தில் கொஞ்சம் வெட்டும் என்பதால் கீழ்வரி பாதி மறையும். ஆங்கிலம் தெரிந்தவரும் ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

மாலையில் தமிழ்ப் படம், நடுவில் செய்திக்காக ஒரு வெட்டு. கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போதே வெட்டுவார்கள். ஆனால் ஷோபனா ரவி போன்றவர்கள் வாசித்த தமிழில் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும், அதற்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

இரவு தேசிய ஒளிபரப்பு ஆரம்பித்ததும் சேவையின் பெரிய ஓட்டை தெரியும். அங்கிருந்து கடைசிவரை இந்தி, இல்லையென்றால் ஆங்கிலம். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் உட்காரும் நேரத்தில் தமிழை எடுத்துவிடுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை. வார நாளிலும் இதே கதைதான்: வயலும் வாழ்வும், வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் எல்லாம் முன்மாலையிலேயே முடிந்துவிடும். தெற்குக் கடலோரத்தில் சிலர் ஆன்டெனாவை இலங்கை ரூபவாஹினிப் பக்கம் திருப்பி வைத்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது பார்க்க விரும்புகிறவர்களுக்கு: சென்னை நிலையம் பொதிகையாகி, 2024 ஜனவரியிலிருந்து டிடி தமிழ். பழைய பதிவுகள் பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் பக்கத்தில் கொஞ்சம் கிடைக்கின்றன. முழு நாளையும் எதிர்பார்க்காதீர்கள். நாடாவை அழித்து அதிலேயே மறுபடி பதிவது அக்கால வழக்கம். டிவியில் படத்தின் அளவை 4:3-இல் வையுங்கள், இல்லாவிட்டால் செய்தி வாசிப்பவர் முகம் தோசை மாதிரி விரியும். கையை வேகமாக அசைக்கும் இடங்களில் சீப்புப் பல்போல் கோடு தெரிந்தால் அது நாடாவின் பழுதல்ல. நொடிக்கு 50 அரைப்படமாக வந்ததைச் சரியாகச் சேர்க்காமல் ஏற்றிவிட்டார்கள். கணினியில் விஎல்சி மாதிரி ஒரு பிளேயரில் டீஇன்டர்லேஸ் போட்டுப் பாருங்கள். ஏற்றும்போதே கோடு படத்தோடு ஒட்டிப்போயிருந்தால் அதுவும் உதவாது.