செட்டை உள்ளதா, கரி இல்லாததா?

மகளின் பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்கு விண்வெளிச் சுற்றுலா வாகனம் ஒன்றின் மாதிரி செய்ய வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் மட்டையும் பசையும் வாங்கிய பிறகும் வீட்டில் இழுபறி. அவளுக்கு வேர்ஜின் கலக்டிக் நிறுவனத்தின் செட்டை வைத்த யூனிற்றி வேண்டும். எனக்கு புளூ ஒரிஜின் நிறுவனத்தின் நியூ ஷெப்பர்ட்.

“அப்பா, செட்டையே இல்லாத சாமானை ஆர் பாப்பினம்?”

யூனிற்றி வடிவானதுதான். தாய் விமானம் சுமந்துபோய் ஏறத்தாழ 14 கிலோமீற்றரில் கழற்றிவிட, ரொக்கெற் மூட்டி 85 கிலோமீற்றர் வரை எழும்பி, மிதந்து வந்து ஓடுபாதையில் இறங்கும். மற்றது நிமிர்ந்தபடி 100ஐத் தாண்டும். ஆட்கள் இருக்கும் கூடு பரசூட்டில் இறங்கும். இரண்டிலும் சில நிமிடம் எடையில்லாமல் மிதப்பதுதான். யூனிற்றி ரிக்கற் ஒரு கட்டத்தில் 450,000 டொலருக்கு விற்றது. அந்தப் பேச்சு எங்களுக்கு எதற்கு?

என் பிடிவாதம் புகையில். யூனிற்றி எரித்தது ஒருவகை றப்பர், அதை எரியவைக்கச் சிரிப்பு வாயு. றப்பர் எரிந்தால் என்ன வரும் என்று, தெருச் சந்தியில் டயர் எரிவதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கொழும்பில் காலி வீதி பஸ் கக்கும் கரிக்கு ஆயுள் குறைவு. பின்னேர மழை ஒன்று போதும், கழுவிக்கொண்டு போய்விடும். மழை முகில்களுக்கும் மேலே இருக்கும் படைமண்டலத்தில் மழை ஏது? யூனிற்றியின் ஒரு நிமிட எரிப்பில் பெரும்பகுதி அங்கேதான். அங்கே ஏறிய கரி ஆண்டுக்கணக்கில் கிடந்து வெயிலைக் குடிக்கும். இப்படியான ரொக்கெற்றுகள் ஆண்டுக்கு 1,000 தடவை பறந்தால் 600 தொன் கரி மேலே சேரும் என்று 2010இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சூடாக்குவதில் ரொக்கெற் கரி நிலத்தில் கக்கும் கரியைவிட ஏறத்தாழ 500 மடங்கு என்றது 2022இல் வந்த இன்னொன்று.

நியாயமாகச் சொன்னால், யூனிற்றி 2023 ஜூனில் வணிகப் பறப்பைத் தொடங்கி அடுத்த ஜூனில் ஓய்வுக்குப் போய்விட்டது. ஏழே ஏழு பயணம். அதனால் கெட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குப் பயம், இனி வருபவை விமானம் மாதிரி அடிக்கடி பறக்கும் என்கிற வாக்குறுதியில்தான்.

நியூ ஷெப்பர்ட் ஐதரசனை எரித்து நீராவி விடுகிறது. முழுச் சுத்தம் என்று சத்தியம் பண்ணமாட்டேன். உலகின் ஐதரசனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அப்படி எடுக்கும்போது வரும் காபனீரொட்சைட்டு தொழிற்சாலைப் புகைபோக்கியால் போகும். உயரத்தில் சேரும் நீராவியும் சும்மா இராது. ஆனாலும் கரி இல்லை.

கடைசியில் நியூ ஷெப்பர்ட்தான் செய்தோம். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. மட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு யூனிற்றியும் கீறியிருக்கிறாள். வால் பக்கம் கன்னங்கரேலென்று புகை.