சீரண மண்டல நோய்களைக் கற்பிக்க ஏற்ற களம் எது: விரிவுரை அரங்கா, வார்டா, எண்டோஸ்கோபி அறையா, கேஸ் விவாதமா?

2019-இல் இந்தியாவில் எம்பிபிஎஸ் படிப்புக்குத் திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, விரிவுரையைக் குறைத்து மற்ற வழிகளுக்குக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பதில் ஆசிரியர்களிடையே பெரிய மறுப்பு இல்லை. மிச்சப்படும் நேரத்தை வார்டுக்குத் தருவதா, குழாய்க் கேமராவால் உள்ளுறுப்பைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறைக்குத் தருவதா, சிறு குழுவாக அமர்ந்து ஒரு நோயாளியின் வரலாற்றை அலசும் கேஸ் விவாதத்துக்குத் தருவதா என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. நாளை ஹவுஸ் சர்ஜனாகவும் (பயிற்சி மருத்துவராகவும்), பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராகவும் பணியாற்றப்போகிறவர், எந்த நோயாளிக்கு எந்தச் சோதனையை எப்போது கேட்பது, வந்த முடிவை எவ்வளவு நம்புவது என்று தீர்மானிக்கக் கற்றாரா என்பதை அளவுகோலாக வைத்து இவற்றை ஒப்பிடுகிறேன்.

விரிவுரையை முழுதாக ஒதுக்கிவிட முடியாது. வயிற்றுப்புண்ணுக்கு அமிலமும் மன அழுத்தமுமே காரணம் என்று நம்பி, அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டும் அறுவைச் சிகிச்சை பரவலாகச் செய்யப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை அடையாளம் கண்டு, அதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். அதே நோய் இன்று பெரும்பாலும் 14 நாள் கூட்டு மருந்தில் தீர்கிறது. இப்படி ஒரு கருத்து எப்படி மாறியது என்பதை நூறு பேருக்கு ஒரே மணி நேரத்தில் விளக்க விரிவுரையே சிக்கனமான வழி. ஆனால், ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்தை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தாமல் இந்தக் கிருமியைக் கண்டறியும் யூரியா மூச்சுச் சோதனை செய்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம் என்பதை விரிவுரையில் கேட்ட மாணவர் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார். தவறான முடிவோடு வந்த ஒரு நோயாளியைப் பற்றி விவாதித்தவருக்கு அது எளிதில் மறக்காது.

வார்டின் வலிமை கையிலும் கண்ணிலும் இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்திருப்பதைத் தட்டிப் பார்த்து அறிவதும், மண்ணீரல் வீக்கத்தைத் தொட்டு உணர்வதும், கல்லீரல் செயலிழப்பில் நீட்டிய கைகள் படபடப்பதைக் கவனிப்பதும் வேறெங்கும் வராது. ஆயினும் பெரிய மருத்துவமனையின் வார்டில் படுத்திருப்பவர்கள் சிர்ரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குதல்), கணைய அழற்சி, புற்றுநோய் என்று முற்றிய நிலையில் வந்தவர்கள். மாணவர் பின்னாளில் அன்றாடம் சந்திக்கப்போகும் செரிமானக் கோளாறும், கொழுப்புக் கல்லீரலும், எரிச்சல் குடல் நோயும் புறநோயாளிகள் பிரிவோடு வீடு திரும்பிவிடுகின்றன. எடைக்குறைவு, இரத்தசோகை, மலத்தில் இரத்தம் போன்ற எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாத இளம் வயதினரிடம் எரிச்சல் குடல் நோயை 2016-இன் நான்காம் ரோம் வரையறைப்படி (இத்தகைய குடல் கோளாறுகளுக்கான அறிகுறி அளவுகோல்) அறிகுறிகளைக் கேட்டும், மிகச் சில எளிய சோதனைகளைச் செய்தும் கண்டறிந்துவிடலாம். பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோபி வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லத் தெரிவதும் நவீன மருத்துவத்தின் பகுதியே. அதைக் கற்க, கூட்டத்துக்கு நடுவிலும், புறநோயாளிகள் பிரிவில்தான் மாணவர் உட்கார வேண்டும்.

மாணவர்கள் மிகவும் விரும்புவது எண்டோஸ்கோபி அறையை. திரையில் புண்ணையும், புடைத்த உணவுக்குழாய் நாளங்களையும் நேரில் காண்பது மனத்தில் பதிகிறது என்பதில் ஐயமில்லை. இருந்தும் இளநிலை மாணவருக்கு இதன் பயன் மிகைப்படுத்தப்படுகிறது என்றே கருதுகிறேன். சிர்ரோசிஸ் நோயாளி இரத்த வாந்தியோடு வரும்போது, மாணவர் திரையில் காண்பது நாளத்துக்கு ரப்பர் வளையம் போடும் சில நிமிடங்களை மட்டுமே. அதற்கு முன்பே அவசரப் பிரிவில் மூச்சுப்பாதையைக் காத்து, அந்த நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடும் ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கி, ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினால் மட்டும் அளவோடு இரத்தம் ஏற்றி, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபிக்கு அனுப்பியவர் செய்த வேலைதான் ஹவுஸ் சர்ஜனின் வேலை. அறையில் நிற்க இடமும் சிலருக்கே உண்டு. மயக்க மருந்தில் கிடக்கும் நோயாளியின் சம்மதமும் மானமும் பார்வையாளர் எண்ணிக்கையை இன்னும் குறைக்கின்றன. சிமுலேட்டர் கருவி முதுநிலைப் பயிற்சியாளருக்குத் தொடக்கத்தில் உதவும். எம்பிபிஎஸ் மாணவருக்கு அதில் செலவிடத் தேவையில்லை.

கேஸ் விவாதத்தின் அருமை குடல் காசநோய்க்கும், குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன்ஸ் நோய்க்கும் இடையிலான குழப்பத்தில் முழுமையாகத் தெரிகிறது. இரண்டும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைப் பிடிக்கின்றன. இரண்டிலும் வயிற்றுவலியும் எடைக்குறைவும் உண்டு. குறுக்குவாட்டுப் புண்ணும் காய்ச்சலும் வயிற்று நீரும் காசநோயின் பக்கம் சாய்க்கின்றன. நீளவாட்டுப் புண்ணும் ஆசனவாய்ப் புரையும் குரோன்ஸ் பக்கம் சாய்க்கின்றன. திசுவில் நடுப்பகுதி அழிந்த கிரானுலோமா (அழற்சிச் செல்களின் திரள்) தென்பட்டால் காசநோய்க்கு வலுவான சான்று. ஆனால் அது பலரிடம் கிடைப்பதில்லை. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை எதிர்மறையாக வந்தாலும் காசநோய் இல்லை என்று தள்ளிவிட முடியாது. குரோன்ஸ் என்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே நம் நாட்டில், ஐயம் தீராத பலருக்குக் காசநோய் மருந்தைத் தொடங்கி, இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். சோதனை அறிக்கை ஒவ்வொன்றாக வர வர, ஒவ்வொரு கட்டத்திலும் தன் ஊகத்தைச் சொல்லிக் காரணம் காட்ட வேண்டிய இந்தப் பயிற்சியை, விரிவுரையோ திரையில் காணும் காட்சியோ தர இயலாது.

இந்த முறைக்கும் குறை உண்டு. வழிநடத்துபவர் அனுபவமற்றவராக இருந்தால் ஒரு மணி நேரமும் அரட்டையில் போகும். காகிதத்தில் உள்ள நோயாளிக்கு வலிப்பதும் இல்லை. ஆகவே மூன்று வாரப் பணியில் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு நோயாளியைப் புறநோயாளிச் சீட்டிலிருந்து தொடங்கி, ஸ்கேன், எண்டோஸ்கோபி, திசு அறிக்கை, மருந்து என்று பின்தொடர்ந்து, அந்தக் கேஸையே குழுவின் முன் வைத்து விவாதிக்கும் ஏற்பாட்டை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். எண்டோஸ்கோபி அறைக்குள் அவர் போவது தன் நோயாளிக்காக ஒரு முறை போதும். அப்போது எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே திரையைப் பார்ப்பார். இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் செய்முறைத் தேர்வும் மாற வேண்டும். மஞ்சள் காமாலையின் காரணங்களை வரிசையாகச் சொல்லச் சொல்வதை விட்டு, பித்தநாளம் விரிந்திருப்பதைக் காட்டும் ஒரு அல்ட்ராசவுண்ட் அறிக்கையைக் கையில் கொடுத்து, அடுத்து பித்தநாளத்தைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் கேட்பாரா, எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்துக்குள் செல்லும், கணைய அழற்சி அபாயமுள்ள ஈஆர்சிபி-க்கு நேரே அனுப்புவாரா, ஏன் என்று கேட்க வேண்டும்.