சென்னையிலிருந்து ஒருநாள் பயணம்: கார் எடுக்காமல் போக ரயிலா, பேருந்தா?

ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரு காரைப் பேசி, மாமல்லபுரம், காஞ்சிபுரம் இரண்டையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டி அனுப்புவது சென்னைக் குடும்பங்களில் பழகிப்போன விஷயம். எங்கள் வீட்டில் அதை நிறுத்திவிட்டோம். காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பும் பயணம் எதுவானாலும் முதலில் மின்சார ரயிலைப் பார்ப்போம், அது எட்டாத இடத்துக்குப் பேருந்து. நாங்கள் இப்படித் தேர்ந்ததற்கான காரணங்களைத்தான் கீழே அலசியிருக்கிறேன்.

நான் ரயில் கட்சி. கடற்கரை–செங்கல்பட்டு ரயில் தடத்தில் இருக்கும் குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருப்பவன் வேறெப்படிப் பேசுவான்? அண்ணா நகரிலோ போரூரிலோ இருப்பவர்கள் நான் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொண்டே படிக்கலாம்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு சுமார் 60 கிலோமீட்டர். சாதாரண மின்சார ரயிலில் டிக்கெட் 20 ரூபாயைத் தாண்டாது. பேருந்தில் அதைவிடக் கூட ஆகும், ஆனாலும் பெரிய தொகை இல்லை. சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டே கிடையாது என்பதால் வீட்டுப் பெண்களோடு போகும்போது அந்தக் கணக்கும் மாறும். 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. கட்டணம் பல மடங்கு, நடைகளும் குறைவு. வெயில் காலத்தில் நேரம் ஒத்துவந்தால் ஏறலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு சங்கடத்தை மட்டும் வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனிலேயே முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் போடுகிற எல்லாரும் போகிற வழியைத்தான் யோசிக்கிறார்கள். காலை ஆறரைக்கு எதில் ஏறினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். சாலையும் காலி, வண்டியும் காலி, உடம்பிலும் தெம்பு இருக்கும். சோதனை மாலை ஐந்து மணிக்குமேல்தான். வெயிலில் அலைந்து, கால் வலித்து, குழந்தை தோளில் தூங்கிவிட்ட பிறகு, எவ்வளவு சீக்கிரம் ஒரு வண்டி கிடைக்கும், அதில் உட்கார இடம் இருக்குமா, அது சொன்ன நேரத்துக்கு வீடு சேர்க்குமா? ஒருநாள் பயணம் நன்றாக இருந்தது, இல்லை என்பதை இந்த மூன்று கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. மற்றதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது செங்கல்பட்டு வழியாக வரும் திருச்சி நெடுஞ்சாலையில், சென்னைக்குள் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பரனூர் சுங்கச்சாவடியில் ஆரம்பிக்கும் நெரிசல் சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு சிக்னலிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டே வரும். தொடர் விடுமுறை முடிகிற நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையும் மோசம்தான். கோவளம் தாண்டியதும் கடற்கரைக்கு வந்த கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அரசுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்து, சொந்தக் கார், வாடகைக் கார் எல்லாம் அந்த வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். கார் எடுத்தால் சீக்கிரம் வந்துவிடலாம் என்ற வாதம் இங்கேதான் அடிபட்டுப் போகிறது.

செங்கல்பட்டில் ஏறினால் இந்தக் கவலை கிடையாது. பெரும்பாலான மின்சார ரயில்கள் அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று பதறத் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேலும் வண்டி உண்டு. தண்டவாளம் பெரும்பாலும் சாலையை ஒட்டியே போவதால் ஜன்னலோரம் உட்கார்ந்து நெரிசலை வேடிக்கை பார்த்துக்கொண்டு வரலாம். இதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறுக்கவில்லை. குறை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு, நடைகள் குறைவு. பராமரிப்பு வேலைக்காகச் சில விடுமுறை நாட்களில் ரயில்களை ரத்தும் செய்வார்கள். முந்தின நாள் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதனால் எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி: எங்கே போனாலும், எதில் போனாலும், மாலையில் செங்கல்பட்டுக்கு வந்து சேர வழி இருக்கிறதா என்று பார்ப்பது. அங்கே வந்துவிட்டால் பாதி வீட்டுக்கு வந்த மாதிரி.

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது என்பது ரயில் கட்சிக்காரனை மடக்க எல்லாரும் எடுத்துவிடும் ஆயுதம். உண்மைதான். காலையில் திருவான்மியூர் பக்கமிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாநகரப் பேருந்தில் போய்விடுங்கள், அதற்கு மிஞ்சிய வழியில்லை. திரும்பும்போதுதான் பாதையை மாற்ற வேண்டும். சென்னைப் பேருந்துக்காக நிற்பவர்கள் ஒன்று ஊருக்குள் நிற்கும் பேருந்தில் இடம்பிடிக்க முண்டியடிக்க வேண்டும், இல்லை பைபாஸுக்குப் போய்ப் புதுச்சேரியிலிருந்து ஏற்கெனவே நிரம்பி வரும் பேருந்துக்குக் கை காட்ட வேண்டும். அதற்குப் பதில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பேருந்தில் ஏறிவிடுங்கள். சுமார் 30 கிலோமீட்டர்தான், வேறு திசை என்பதால் சாலையில் சென்னைக் கூட்டமும் இருக்காது. நேரம் இருந்தால் நடுவில் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி மலைக்கோயில் ஏறலாம்; 500-க்கு மேற்பட்ட படிகள். உச்சிவேளையில் வந்து சோறு தின்ற கழுகுகள் இப்போது வருவதில்லை, அந்த எண்ணத்தில் யாரையும் கூட்டிப் போகாதீர்கள்.

மாமல்லபுரத்துக்குள் வண்டி தேவையே இல்லை. அர்ச்சுனன் தபசிலிருந்து கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் நடக்கிற தூரம். கடற்கரைக் கோயிலில் வாங்கிய 40 ரூபாய் டிக்கெட்டே அன்றைக்கு ஐந்து ரதத்துக்கும் செல்லும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

காஞ்சிபுரத்தில் கதை வேறு. இங்கே ரயில் இருக்கிறது, ஆனால் ரயிலே போதும் என்று சொல்ல முடியாது. செங்கல்பட்டு–அரக்கோணம் பாதை ஒற்றைத் தடம். எதிரே ஒரு வண்டி வந்தால் இது ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்று வழிவிடும். கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் வழியாகத் திருமால்பூர் வரை நேரடியாகப் போகும் மின்சார ரயில்கள் உண்டு, ஆனால் நாளைக்குச் சில நடைகள்தான். நேரம் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போனால் காத்துக்கிடக்க நேரிடும்.

இங்கே நேரம் முக்கியமாவதற்கு இன்னொரு காரணம், உச்சி நடைசாத்தல். ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராஜர் எல்லாம் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிட்டு மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் இரண்டு கோயிலோடு முற்பகல் முடிந்துவிடும். கைலாசநாதர் கோயிலை முதலில் வையுங்கள்; ராஜசிம்ம பல்லவன் கட்டிய அந்த மணற்கல் கோயிலில் கூட்டமில்லாத காலை வெளிச்சத்தில் நிற்பது தனி அனுபவம். மத்தியானம் சாப்பாடு, பட்டுக்கடை. நான்கு மணிக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜர். ஊர் நீளமானது, மாமல்லபுரம் மாதிரி நடந்து தீராது. ஆட்டோவில் கோயில் கோயிலாகப் போக மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வது உத்தமம்.

ஆகவே காஞ்சிபுரத்துக்கு நான் சொல்வது கலவை. காலையில் செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து வாலாஜாபாத் வழியாகப் போகும் பேருந்து. நேரடி ரயில் நேரம் பொருந்தினால் அதுவே. மாலையிலும் இதே கணக்குதான், வாலாஜாபாத் பேருந்தில் செங்கல்பட்டு வந்துவிட்டால் மீதியை ரயில் பார்த்துக்கொள்ளும். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வழியாகக் கோயம்பேடு வரும் நேரடிப் பேருந்து காகிதத்தில் சுருக்கமான வழி. வடபழனி, போரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒருவேளை அதுவே சரியாக இருக்கும். மாலை நேரத்துப் பூந்தமல்லியை நினைத்தால் எனக்கு அதில் ஏற மனசு வருவதில்லை.

பேருந்து சந்தேகமில்லாமல் ஜெயிக்கிற ஊர்களும் உண்டு. புதுச்சேரிக்கு ரயில் விழுப்புரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது; கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துதான் நேர் வழி. ஆனால் ஒரு பக்கத்துக்கு 150 கிலோமீட்டர் என்பதால் அதை ஒருநாள் பயணம் என்றே நான் எண்ணுவதில்லை, ஒரு ராத்திரி தங்கலாம். திருவண்ணாமலைக்கும் பேருந்துதான். 2024 மே மாதத்திலிருந்து கடற்கரையிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு ரயில் விட்டிருக்கிறார்கள், 50 ரூபாய் டிக்கெட் என்று பெரிதாகப் பேசப்பட்டது. அது மாலையில் கிளம்பி நள்ளிரவில் போய்ச் சேர்ந்து, விடியற்காலை நான்கு மணிக்குத் திரும்புகிற வண்டி. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ராத்திரியோடு முடிப்பவர்களுக்குப் பொருந்தலாம், பகலில் கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவாது.

தெற்கே போகும் பேருந்துகளில் இன்னொரு இடைஞ்சல் சேர்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் வண்டலூர் பக்கத்திலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. என்னைப் போலத் தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு அது லாபம். பெரம்பூர்க்காரருக்குப் பயணம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு பயணம்.

மேற்குத் தடத்தில் போனது குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். திருத்தணிக்கு சென்ட்ரலை ஒட்டிய புறநகர் முனையத்திலிருந்து மின்சார ரயிலே போகிறது. 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்கே வீடு திரும்பலாம், கிருத்திகை நாளை மட்டும் தவிருங்கள். அதே தடத்தில் திருவாலங்காடு இருக்கிறது, காரைக்கால் அம்மையார் பாடிய ஊர். ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் உள்ளே, ஆட்டோ பேச வேண்டும். வேலூருக்குக் காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் காட்பாடி போய், நகரப் பேருந்தில் கோட்டைக்குப் போகலாம். 1806 சிப்பாய்க் கலகம் நடந்த கோட்டை, உள்ளேயே ஜலகண்டேஸ்வரர் கோயில், அகழி. ஆனால் செங்கல்பட்டு விதி காட்பாடியில் செல்லாது. அங்கே மாலையில் நிற்கும் வண்டிகள் பெங்களூரிலிருந்தோ கோவையிலிருந்தோ நிரம்பித்தான் வரும். திரும்புவதற்கு இரண்டாம் வகுப்பு இருக்கை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

வடக்கே பழவேற்காடு. பொன்னேரி வரை கும்மிடிப்பூண்டி ரயில், அப்புறம் பேருந்து. டச்சுக் கல்லறைகளும் ஏரியும் பார்க்க வேண்டியவைதான். அந்தத் தடத்தில் மின்சார ரயில் எக்ஸ்பிரஸுகளுக்கு வழிவிட்டு நிற்பது சகஜம் என்பதால் தென்தடத்து நிச்சயத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வடசென்னை நண்பர்கள் எண்ணூர்ப் பக்கம் பைக்கிலேயே போய்விடுகிறார்கள், லாரிகளைப் பார்த்தால் எனக்குத் தைரியம் வரவில்லை.

பைக்கை நான் ஒரு போட்டியாளராகவே சேர்க்கவில்லை. தனி ஆளுக்கும் இளவட்டங்களுக்கும் சரி, மூன்றாவது ஆள் வந்தால் முடிந்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் நான் போனதில்லை. போய்வந்த உறவினர்கள் வயதானவர்களுக்குத் தொந்தரவில்லை என்கிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் அவசரப்படுத்துவதாகவும் சொல்கிறார்கள். செயலியில் டாக்சி பிடித்து மாமல்லபுரம் போவது எளிது. மாலையில் அங்கிருந்து திரும்ப யாரும் சவாரியை ஏற்கமாட்டார்கள், ஏற்பவர்கள் இரட்டைக் கட்டணம் கேட்பார்கள்.

ரயிலும் பேருந்தும் சேர்ந்தே தோற்கிற இடம் வேடந்தாங்கல். செங்கல்பட்டிலிருந்து பேருந்து உண்டு, இடைவெளி அதிகம். அதுகூடப் பெரிதில்லை, இரைதேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்புவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. நாம் கடைசிப் பேருந்தைத் தேடி ஓட வேண்டிய நேரமும் அதுவே. பறவைகள் வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்புவதற்கு எதற்குப் போக வேண்டும்? இதற்கு மட்டும் வண்டி பேசிக்கொள்ளுங்கள். அதையும் சென்னையிலிருந்து பேசாதீர்கள். செங்கல்பட்டு வரை ரயிலில் போய், அங்கே ஆட்டோவோ காரோ பிடித்து, இருட்டும் வரை காத்திருப்பதற்கும் சேர்த்து வாடகையை முதலிலேயே முடிவுசெய்துகொண்டு ஏறுங்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போங்கள், மழை பொய்த்த வருஷம் என்றால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.