ஸ்டிக்: சபதத்துக்குப் பணம் பிடிக்கும் கடை

ஸ்டிக் (stickK) என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு 'கே' கூடுதலாக நிற்கும். சட்டம் படிப்பவர்கள் குறிப்பெடுக்கையில் 'ஒப்பந்தம்' என்பதற்குப் போடும் சுருக்கெழுத்து அது. யேல் பல்கலைக்கழகத்தில் அப்போது பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டீன் கார்லனும், அங்கேயே சட்டம் நடத்தும் இயன் ஏயர்ஸும், ஜோர்டன் கோல்ட்பெர்க் என்ற மாணவரோடு சேர்ந்து 2008 ஜனவரியில் தொடங்கிய இணையச் சேவை. இங்கே விற்பனைக்குப் பொருள் எதுவும் இல்லை. நம் சபதத்தை எழுதி வாங்கிக்கொள்வார்கள். தவறினால் நம் பணத்தை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இதற்கெல்லாமா ஆள் வருவார்கள்? ஜிம் கணக்கைப் பார்த்தால் வருவார்கள் என்றே தோன்றும். டெல்லாவின்யா, மால்மென்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பாஸ்டன் பக்கத்து ஜிம்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாதச் சந்தா 70 டாலருக்கு மேல். சந்தா கட்டியவர்கள் வந்ததோ சராசரியாக மாதம் 4 தடவைக்குச் சற்று அதிகம். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுகிறது. அதே ஜிம்மில் 10 தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான். நாளைக்குப் போகப்போகும் 'நான்' மேல் வைத்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை, மிச்ச 7 டாலர்.

ஸ்டிக் நான்கு படிகளில் முடிந்துவிடும்: இலக்கு, பந்தயப் பணம், நாம் சொல்வது உண்மையா என்று பார்க்கும் நடுவர், ஆதரவாளர்கள். பணம் வைக்காமலும் ஒப்பந்தம் போடலாம். ஆனால் அது புத்தாண்டு டைரியில் எழுதுவதற்குச் சமம். ஆதரவாளர்கள் என்பது கைதட்ட ஆள் சேர்ப்பது. விட்டுவிடலாம்.

முதல் படியில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'உடம்பைக் குறைப்பேன்' என்பது ஒப்பந்தமே அல்ல. இப்படி எழுத வேண்டும்: 'அடுத்த 12 வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரையுள்ள ஒவ்வொரு வாரத்திலும் குறைந்தது 3 நாள், ஒவ்வொரு நாளும் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடப்பேன். டாக்டர் சீட்டோடு காய்ச்சல் என்றால் அந்த வாரம் கணக்கில் வராது.' கடைசி வரி இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே நடுவரோடு தகராறு வரும். அதை நீட்டி 'வேலை அதிகமாக இருந்தால்' என்று சேர்த்தாலோ ஒப்பந்தம் அங்கேயே செத்தது. வாரம் 5 டாலர் என்றால் 12 வாரத்துக்கு 60 டாலர். மொத்தமாகக் கடைசி நாளில் வைப்பதைவிட வாரவாரம் பிரித்து வைப்பது நல்லது. ஒரு வாரம் சறுக்கினாலும் அடுத்த வாரத்துப் பணம் இன்னும் பந்தயத்தில் இருக்கும்.

பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதில் ஸ்டிக் செய்திருப்பது அழகான குறும்பு. தர்ம காரியத்துக்கு அனுப்பச் சொல்லலாம், தெரிந்தவருக்கோ வேண்டாதவருக்கோ அனுப்பச் சொல்லலாம், நமக்குக் கண்ணில் காட்டக்கூடாத அமைப்புக்கும் அனுப்பச் சொல்லலாம். துப்பாக்கி உரிமை, கருக்கலைப்பு போன்ற விவகாரங்களில் இரு தரப்பையும் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். பரம எதிரியின் கால்பந்து அணி ரசிகர் மன்றம் வரைக்கும் உண்டு. தர்மத்துக்கு அனுப்பாதீர்கள். 'நல்ல காரியத்துக்குத்தானே போச்சு' என்று மனசு ஆறிவிடும். ஆறவிடாமல் வைப்பதுதான் இந்தச் சேவையின் வேலை.

இனி நடுவர். ஸ்டிக்கின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கார்லன் இந்த யோசனையை ஆய்வாகச் சோதித்தது பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், சேவியர் கினே, ஜோனதன் சின்மன் ஆகியோருடன். புகையை விட நினைப்பவர்கள் ஒரு வங்கியில் குறைந்தது 50 பெசோ போட்டுக் கணக்குத் திறக்க வேண்டும். சிகரெட்டுக்குச் செலவாகும் காசை வாரவாரம் அதில் போட வேண்டும். வட்டி கிடையாது. ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்ச் சோதனை. நிகோட்டின் தடயம் இருந்தால் மொத்தப் பணமும் தர்மத்துக்கு. அழைக்கப்பட்டவர்களில் சேர்ந்தது 11 சதவீதம் பேர்தான். சேராதவர்களையும் உள்ளடக்கிப் பார்த்தாலே, அழைக்கப்பட்ட கூட்டத்தில் சோதனையில் தேறியவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 3 சதவீதப் புள்ளி அதிகம். ஓராண்டு கழித்து, பணம் எதுவும் பந்தயத்தில் இல்லாதபோது சொல்லாமல் செய்த சோதனையிலும் அந்த வித்தியாசம் கரையவில்லை.

சிறுநீரிடம் பொய் சொல்ல முடியாது. ஸ்டிக்கில் சோதனைக்கு இருப்பதோ வாரம் ஒரு பொத்தான்: செய்தேன், செய்யவில்லை. அதனால் நடுவரைப் போட்டே ஆக வேண்டும். வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ போடாதீர்கள். பரிதாபம் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அதை வைத்தே சண்டை வரும். பணம் போய்ச் சேரும் ஆளையும் போடக்கூடாது. அலுவலகத்தில் கறாராக இருக்கும் ஒருவர் போதும். எடை என்றால் ஒரே எடை மெஷின், காலையில் வெறும் வயிறு, எண் தெரிகிற படம் நடுவருக்குப் போக வேண்டும். அறிக்கை கொடுக்க மறந்தாலும் தோல்விதான் என்பதால், போனில் வாரம் ஒரு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பீமைண்டர் என்ற போட்டிச் சேவை நடுவர் சிக்கலை எண்களால் சமாளிக்கிறது. நாள்தோறும் பதியும் எண், இலக்கைக் காட்டும் வரைபடக் கோட்டைத் தாண்டி விலகினால் அபராதம். 5 டாலரில் தொடங்கி 10, 30, 90, 270 என்று ஏறும். பணம் பீமைண்டருக்கே போகிறது, ஒளிவுமறைவு இல்லை. எண்ணால் அளக்க முடிகிற பழக்கத்துக்கு அது மேல். புகையை விடுவது போன்றவற்றுக்கு ஸ்டிக்.

யாருக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு நிறுவன ஊழியர்களிடமும் அவர்களுடைய உறவினர், நண்பர்களிடமும் நடந்து, 2015-இல் முடிவு வெளியான புகை நிறுத்தச் சோதனையில், விட்டால் 800 டாலர் பரிசு என்றபோது 90 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். அதே 800-இல் 150 உங்கள் கைப்பணமாக முன்னால் வையுங்கள் என்றதும் சேர்ந்தவர்கள் 14 சதவீதத்துக்கும் கீழே. காசில்லாதவர்களுக்கு இது ஒத்துவராது என்று எண்ணிவிட வேண்டாம். பொருளாதார அறிஞர் ஃப்ராங்க் ஷில்பாக் சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், குடிக்காமல் வந்தால் மட்டும் கூடுதல் பணம் என்ற ஏற்பாட்டை, வேறு பணத்தை விட்டுக்கொடுத்தாவது வாங்கிக்கொள்ள பாதிக்கு மேற்பட்டவர்கள் தயாராக இருந்தார்கள். தன் பலவீனம் தனக்குத் தெரிந்தவர்கள்தான் இந்தக் கடைக்கு வாடிக்கையாளர்கள். சட்டைப்பை கனமா லேசா என்பது அப்புறம்.

ஒப்பந்தம் முடியும் நாளைக் கவனியுங்கள். மருத்துவ ஆய்வாளர் கெவின் வோல்ப் குழுவினர் 2008-இல் வெளியிட்ட எடைக்குறைப்புச் சோதனையில், தங்கள் பணத்தைப் பந்தயமாகக் கட்டியவர்கள் 16 வாரத்தில் சராசரியாக 14 பவுண்டு குறைந்தார்கள். சாதாரணக் குழு 4 பவுண்டு. ஏழாம் மாதத்தில் பார்த்தால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. ஸ்டிக்கில் எடையைத் தக்கவைப்பது என்று தனி இலக்கு இருக்கிறது. முதல் ஒப்பந்தத்தின் கடைசி வாரத்திலேயே, குறைந்த பந்தயத்தோடு, அதே நடுவரை வைத்து அதையும் போட்டுவிடுங்கள்.