கூப்பிட்டால் எடுக்கமாட்டார், வந்தால் வேலை சுத்தம்

சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் சர்வர் பார்க்க ஆள் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். செம்பனை வெட்டு குத்தகை எடுக்கும் சின்ன ஆபிஸில் நான் கிராணி. சம்பளம், இபிஎப், சொக்சோ பிடித்தம், லோரிக் கணக்கு எல்லாம் ஒரே சர்வரில்தான்.

தீபாவளி முன்பணம் போட வேண்டிய வாரம். காலையில் வந்து பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஒரு கடிதம் மட்டும் திறந்தது. ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், ரேன்சம்வேர் என்பார்கள். பேக்கப் டிஸ்க் வருஷக்கணக்காக சர்வரிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் சேர்ந்து போச்சு.

கடைத்தெருப் பின்வரிசையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தம்பிக்கு ஏழு தடவை போன் அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தார். "அக்கா, முதல்ல லேன் வயரப் பிடுங்குங்க. கம்ப்யூட்டர அடைச்சிடாதீங்க" என்றார். அடைத்தால் மெமரியில் இருக்கும் தடயம் அழிந்துவிடுமாம். வந்தது என்னவோ மாலை ஐந்து மணிக்கு.

கடிதத்தையும் கெட்டுப்போன ஒரு ஃபைலையும் 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் போட்டுப் பார்த்தார். அங்கே சில வகை ரேன்சம்வேருக்கு ஃபைலைத் திறக்கும் சாவி இலவசமாகவே கிடைக்கும். எங்களுக்கு வந்த வகைக்கு இல்லை. பணம் கட்டினாலும் ஃபைல் திரும்புமென்று உறுதி கிடையாது என்று சொல்லி, சர்வரைத் துடைத்துப் புதிதாக ஏற்றினார். நான் தினக்கூலி பதியும் செக்ரோல் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து தட்டினேன்.

முதலாளி வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கட்டும் என்று முன்பு வந்த டெக்னீஷியன் ரௌட்டரில் 3389 போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து சர்வருக்குள் வரும் வாசலை, திறந்து விட்டிருந்தார். பாஸ்வேர்டு என்ன தெரியுமா, லோரி நம்பர்! இப்போது அந்தப் போர்ட் மூடியாச்சு. முதலாளி விபிஎன் என்ற பூட்டிய தனிப் பாதை வழியாக, கைப்பேசிக்கு வரும் எண்ணையும் போட்டுத்தான் உள்ளே வரமுடியும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. எங்களிடமிருந்த இரண்டு விண்டோஸ் 10 கணினிகளில் ஒன்றை 11-க்கு மாற்றினார். மற்றது இன்டெல் 7ஆம் தலைமுறை, ஏறவில்லை. அதை நெட்டிலிருந்து கழற்றி லேபல் அடிக்க வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. என் அட்மின் உரிமையைப் பிடுங்கிவிட்டார். பிரிண்டர் டிரைவர் போடக்கூட அவரைத்தான் கூப்பிட வேண்டும், அவரோ போன் எடுக்கமாட்டார். ரசீது எழுத்து டாக்டர் சீட்டு மாதிரி. மொத்தம் 950 வெள்ளி, யுபிஎஸ் தனி. இங்கே விழும் இடிக்கு அது இல்லாமல் முடியாது.

இப்போது டிஸ்க் இரண்டு. வெள்ளிக்கிழமை ஒன்றைக் கழற்றி வீட்டு பிஸ்கட் டின்னில் வைக்கிறேன், திங்களன்று மாற்றுகிறேன். போன வாரம் தம்பி வந்து, டின்னில் இருந்த டிஸ்க்கிலிருந்து ஒரு மாதச் சம்பளத்தை வேறு கணினியில் இறக்கி, என் கண் முன்னே திறந்து காட்டினார். நாற்பது நிமிஷ வேலைக்கு 80 வெள்ளி. முதலாளி முனகினார். நான் ரசீதை ஃபைலில் கோத்துவிட்டேன்.