ஆர்மீனியர்களுக்காக யார் நின்றார்கள்? காங்கிரஸ் டாட் கவ் தளம்: ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆர்மீனியப் பாட்டி, லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் புர்ஜ் ஹம்மூத் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். தங்கள் தொகுதி உறுப்பினர் தங்களுக்காக வாஷிங்டனில் பேசுகிறார் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எழுத்தில் எங்கே இருக்கிறது, காட்ட முடியுமா என்று ஒருநாள் என்னைக் கேட்டார். அவருக்குக் காட்டுவதற்காகத்தான் அமெரிக்க நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வத் தளமான காங்கிரஸ் டாட் கவ்வை நான் முதன்முதலாகப் பொறுமையாகத் திறந்து பார்த்தேன். அதன்பிறகு ஓராண்டுக்கும் மேலாக, ஆர்மீனியர்கள் தொடர்பான தீர்மானங்களையும் மசோதாக்களையும் பின்தொடர்வதற்கு இந்தத் தளத்தையே பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதப்பட்டதே இந்த மதிப்புரை.

தளத்தை நடத்துவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம். 1995-இல் 'தாமஸ்' என்ற பெயரில் தொடங்கிய பழைய சேவைக்கு மாற்றாக 2012-இல் இது அறிமுகமானது. 2016-இல் தாமஸ் மூடப்பட்டது. கட்டணம் கிடையாது, படிப்பதற்குக் கணக்கும் தேவையில்லை. மின்னஞ்சல் அறிவிப்பு வேண்டுமென்றால் மட்டும் கணக்கு தொடங்க வேண்டும்.

ஒரு சேவையின் தரத்தை அறிய, அதனிடம் கடினமான கேள்வியொன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நான் கேட்டது இது: 1915-இல் ஒட்டோமான் துருக்கியில் தொடங்கிய ஆர்மீனிய இனப்படுகொலையை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டும் என்று புலம்பெயர்ந்த ஆர்மீனியர்கள் பல தலைமுறைகளாகக் கோரி வந்தபோது, ஆதரவு தருவதாகச் சொன்னவர்களில் நெருக்கடி வந்த நாளிலும் நின்றவர்கள் யார்?

தேடல் கட்டத்தில் 110-ஆவது காங்கிரஸைத் (2007-08ஆம் ஆண்டுகளின் நாடாளுமன்றக் காலம்) தேர்ந்து எச்.ரெஸ். 106 (பிரதிநிதிகள் சபைத் தீர்மானம் 106) என்று இட்டால், 2007 ஜனவரியில் ஆடம் ஷிஃப் முன்மொழிந்த தீர்மானம் வரும். கிளெண்டேல் அப்போது அவருடைய தொகுதியில் இருந்தது. எனவே பாட்டி தேடிய பெயர் பக்கத்தின் உச்சியிலேயே இருந்தது. அவர் திரையில் விரலை வைத்து அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். அதே பக்கத்தில் இணைமுன்மொழிவாளர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாநிலமும், அவர் கையெழுத்திட்டுச் சேர்ந்த தேதியும் இருக்கும். பட்டியலின் கீழே இறங்கினால், பின்னர் விலகிக்கொண்டவர்களின் பெயர்கள் விலகிய தேதியோடு தனியாகத் தரப்பட்டிருக்கும். இந்தத் தளத்தில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்தச் சிறிய பட்டியலைத்தான்.

அந்தத் தேதிகளைப் பார்த்தால் 2007 அக்டோபரில் நடந்தது கண்முன் வரும். அம்மாதம் 10-ஆம் தேதி, அதிபர் புஷ்ஷின் எதிர்ப்பையும், உயிரோடிருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் எட்டுப் பேரின் கடிதத்தையும் மீறி, பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழு 27-க்கு 21 என்ற கணக்கில் தீர்மானத்தை ஏற்றது. இனப்படுகொலை என்ற சொல்லையே ஏற்காத துருக்கி தன் தூதரை ஆலோசனைக்காகத் திரும்ப அழைத்தது. ஈராக்கில் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கு வானூர்தியில் செல்லும் அமெரிக்கச் சரக்கில் ஏறத்தாழ 70 விழுக்காடு துருக்கி வழியாகவே போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் எச்சரித்தார். இணைமுன்மொழிந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். தீர்மானம் அவையின் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. ஆதரவாளர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இவை எதுவும் தெரியாது; தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

தளம் எங்கே மௌனமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதே அங்கீகாரத்தைக் கோரிய 2000-ஆம் ஆண்டின் எச்.ரெஸ். 596 குழுவைக் கடந்து அவை வரை வந்தது. அக்டோபரில் அதிபர் கிளின்டன் எழுதிய கடிதத்தை ஏற்று, அவைத்தலைவர் டென்னிஸ் ஹாஸ்டர்ட் கடைசி நேரத்தில் அதை விலக்கிக்கொண்டார். தீர்மானத்தின் நடவடிக்கைப் பட்டியலில் அவையின் வாக்கெடுப்பு எதுவும் இராது. ஏன் நடக்கவில்லை என்பதும் இராது. வெள்ளை மாளிகையிலிருந்து போன ஒரு கடிதம் சட்டமியற்றும் நடவடிக்கை அல்லவே! ஆனால் ஆர்மீனியர்களின் கோரிக்கைகளுடைய தலையெழுத்து பெரும்பாலும் இத்தகைய கடிதங்களால்தான் தீர்மானிக்கப்பட்டது. ஆகையால் இந்தத் தளத்தைச் செய்தித்தாள்களோடு சேர்த்துப் படிப்பவருக்கே முழு வரலாறும் கிடைக்கும்.

2019-க்கு வருவோம். அக்டோபர் 29 அன்று அங்கீகாரத் தீர்மானமான எச்.ரெஸ். 296 பிரதிநிதிகள் சபையில் 405-க்கு 11 என்று நிறைவேறியது. முன்மொழிந்தவர் அதே ஷிஃப். குடியரசுக் கட்சியின் தரப்பில் அவரோடு முன்னின்றவர் புளோரிடாவின் கஸ் பிலிராகிஸ். தீர்மானப் பக்கத்திலுள்ள இணைப்பைத் தொட்டால் ஒவ்வோர் உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்ற பெயர்ப்பட்டியல் திறக்கும். அதே நாளில் துருக்கி மீது பொருளாதாரத் தடை விதிக்கும் மசோதாவும் 403-க்கு 16 என்று நிறைவேறியதைத் தளத்தில் தேடிப் பாருங்கள். வடகிழக்கு சிரியாவுக்குள் துருக்கிப் படை நுழைந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. பல ஆண்டுகளாக நிறைவேறாதிருந்த தீர்மானம் அன்று இத்தனை எளிதாக நிறைவேறியதற்கு, மனசாட்சியோடு அந்தக் கோபமும் காரணம் என்றே நான் கருதுகிறேன். அதனால் தீர்மானத்தின் உண்மை குறைந்துவிடவில்லை. புலம்பெயர்ந்த சமூகங்கள் அத்தகைய ஒரு நாளுக்காக எத்தனை ஆண்டுகள் ஆயத்தமாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

செனட் சபையின் கதைக்கு இன்னும் கொஞ்சம் உழைப்பு தேவை. அங்கீகாரத்துக்கான செனட் தீர்மானமான எஸ்.ரெஸ். 150 அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று ஒருமனதான ஒப்புதலுடன் நிறைவேறியது. அம்முறையில் பெயர்வாரி வாக்குப்பதிவு கிடையாது. ஒருவர் மறுத்தாலும் போதும், தீர்மானம் நின்றுவிடும். அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் லிண்ட்சி கிரகாம், டேவிட் பெர்டியூ, கெவின் கிரேமர் ஆகியோர் ஆளுக்கொரு முறை மறுத்தார்கள். அவர்களின் சொற்களைப் படிக்க வேண்டுமானால் தீர்மானப் பக்கம் போதாது. அதே தளத்திலுள்ள அவை நடவடிக்கைக் குறிப்பேட்டைத் திறந்து, அந்தந்த நாளின் செனட் பகுதிக்குச் செல்ல வேண்டும். டெட் குரூஸும் பாப் மெனெண்டஸும் மீண்டும் மீண்டும் எழுந்து ஒப்புதல் கேட்டதும், இறுதியில் அது கிடைத்ததும் அங்கே வரிவரியாக இருக்கின்றன. நிறைவேறிய அன்று மெனெண்டஸ் குரல் தழுதழுத்து நின்றதை மட்டும் அச்செழுத்தில் காண முடியாது.

குறிப்பேட்டின் பழைய தொகுதிகளும் வருடப்பட்ட (ஸ்கேன் செய்த) பக்கங்களாகக் கிடைப்பது பெரிய கொடை. 1990 பிப்ரவரியில், ஏப்ரல் 24-ஐ இனப்படுகொலை நினைவுநாளாக அறிவிக்கக் கோரி செனட்டர் பாப் டோல் கொண்டுவந்த தீர்மானத்தை, இன்னொரு செனட்டரான ராபர்ட் பேர்ட் நாட்கணக்கில் பேசியே தடுத்தார். விவாதத்தை முடித்துவைக்க நடந்த இரண்டு வாக்கெடுப்புகளிலும் தேவையான 60 வாக்குகள் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் படுகாயமடைந்த டோலுக்குக் கட்டணம் வாங்காமல் அறுவைச் சிகிச்சைகள் செய்தவர், இனப்படுகொலையில் தம் சகோதரிகளை இழந்து சிகாகோவில் குடியேறிய ஹம்பர் கெலிகியன் என்ற மருத்துவர். அந்த நன்றிக்கடன் தெரிந்தவர் அப்பக்கங்களைப் படித்தால், ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கைக்குள் ஒரு தனிமனிதரின் கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று வியக்காமல் இருக்க முடியாது.

அங்கீகாரத் தீர்மானங்களுக்கு இவ்வளவு பயன்படும் தளம், நிதியுதவி விவகாரத்தில் பாதி வழி மட்டுமே உடன் வருகிறது. ஆர்மீனியா மீதும், அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக் மீதுமான முற்றுகையை நிறுத்த அஜர்பைஜான் நடவடிக்கை எடுக்கும்வரை அதன் அரசுக்கு உதவி கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 907-ஆவது பிரிவு கூறுகிறது. அந்தச் சட்டம் இத்தளத்தில் இருக்கிறது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பிரிவுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அதிபருக்குக் கொடுத்த திருத்தமும் இருக்கிறது. ஆனால் அவ்வதிகாரத்தைக் கொண்டு 2002 முதல் ஆண்டுதோறும் அளிக்கப்பட்டு வந்த விலக்குகளைக் காண அரசிதழுக்குத்தான் போக வேண்டும். சட்டத்தின் பக்கத்தை மட்டும் படிக்கும் புதியவர், தடை முப்பது ஆண்டுகளாக உயிரோடு இருப்பதாகவே எண்ணிவிடுவார். விலக்கு ஆணைகளுக்கு ஓர் இணைப்பையாவது அங்கே தந்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

புலம்பெயர் அமைப்புகள் உறுப்பினர்களுக்கு வழங்கும் மதிப்பெண் அட்டைகள் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அட்டை ஓர் எழுத்தில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது. தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் அதுவும் தேவைதான். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்பதைத் தாமே எடைபோட விரும்புபவருக்கு மூலப்பதிவுதான் வேண்டும். ஈழத்தமிழர் குறித்து 2021-இல் முன்மொழியப்பட்ட எச்.ரெஸ். 413-ஐயும் இதே முறையில் இங்கே திறந்து, இணைமுன்மொழிந்தவர்களைத் தேதியோடு படிக்கலாம் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

2023 செப்டம்பரில் கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் ஊரைவிட்டு வெளியேறிய பிறகு, 907-ஆவது பிரிவின் விலக்கைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் மசோதாவான எஸ். 3000-ஐ செனட்டர் கேரி பீட்டர்ஸ் கொண்டுவந்தார். அவ்வாண்டு நவம்பரில் செனட் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கு எடுக்காமலேயே அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் மீண்டும் விலக்கு அளித்தார். மசோதாவின் பக்கத்தை நான் காட்டியபோது, கீழவையில் இது யாருடைய மேசையில் கிடந்தது என்று பாட்டி கேட்டார். அந்தப் பெயர் பக்கத்தில் இல்லை.