பாலி உபுத் யோகா முகாம்: போகலாமா?

உபுத்தில் தெருவுக்குத் தெரு யோகா முகாம்தான். அதனால் படங்களைப் பார்த்து மயங்காமல், யார் சொல்லித் தருகிறார்கள், ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள். சுற்றி வளைக்காமல் பதில் சொன்னதால்தான் வயலோரத்தில் இருந்த இந்தச் சின்ன முகாமைத் தேர்ந்தெடுத்தேன். 200 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் என்பது ஆரம்பத் தகுதிதான், எத்தனை வருடமாகக் கற்பிக்கிறார் என்பதையும் விசாரியுங்கள்.

ஆசிரியர் அருமையானவர். எனக்கு முழங்கால் வலி என்றதும், வீரபத்ராசனத்தில் முன்காலை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லி, முட்டி கணுக்காலுக்கு நேர் மேலே வரும்வரை பக்கத்திலேயே நின்றார், யாரையும் அழுத்தி வளைக்கவே இல்லை. இதற்காகவே திரும்பப் போவேன்.

சாப்பாடும் நன்றாக இருந்தது, காலையில் மஞ்சளும் புளியும் போட்ட ஜாமு என்ற மூலிகைப் பானம், மதியம் டெம்பே என்ற புளிக்கவைத்த சோயாக் கட்டி. சைவம் சாப்பிடுகிறவர்கள் சம்பல் என்ற மிளகாய்த் துவையலைத் தொடுமுன் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் அதில் இறால் விழுது இருக்கும்.

மசாஜுக்குத் தனிக் கட்டணம் என்பதை மட்டும் போய் இறங்கிய பிறகு சொன்னார்கள், அது சரியில்லை. அப்புறம், விமான நிலையத்தில் எடுக்கும் விசாவுக்கு 5 லட்சம் இந்தோனேசிய ரூபியா, 2024 முதல் வாங்கும் சுற்றுலா வரிக்கு 1.5 லட்சம் ரூபியா, இரண்டையும் கணக்கில் வையுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மார்ச் வாக்கில் வரும் நியெபி என்ற பாலி மௌன நாளன்று விமான நிலையமே மூடிவிடுவார்கள், தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள்.